கத்தரி வெட்டிய அழைப்பு

திராட்சைத் தண்டில் உட்கார்ந்திருந்த பெண் பூச்சி அசையவே இல்லை. கத்தரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன் கால்கள் ஆடாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சும்மா உட்காரும்போது கால் ஆட்டுவது அவளுடைய சின்ன வயதுப் பழக்கம். இந்த அறையில் அது ஆகாது. கால் ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் பூச்சி மிரண்டுவிடும்.

அரிசியைவிடச் சற்றே பெரிய பழுப்பு நிறத் தத்துப்பூச்சி அது. காற்றில் காது வைத்துக் கேட்டால் அதனிடமிருந்து ஒன்றும் கேட்காது. ஆண் தன் வயிற்றை அதிர வைக்கும். அந்த அதிர்வு கால் வழியாகத் தண்டில் இறங்கிச் செடி முழுக்க ஓடும். அதே செடியில் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும் பெண் அதைத் தன் கால்களால் உணரும். தன் இனத்து ஆண்தான் என்று தெரிந்தால் மட்டும் திரும்ப ஒரு அதிர்வு கொடுக்கும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டே ஆண் கிளை கிளையாகத் தேடி வரும். தண்டில் ஒட்டிய சின்ன உணரி அதையெல்லாம் சத்தமாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்பும். இப்போது தண்டில் ஆண் இல்லை. பதிவு செய்து வைத்த ஆணின் அழைப்பைத்தான் ஒரு ஊசி தண்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

டுக் டுக் டுக் டுக் டுக் டுக்.

பெண் பேசவில்லை.

கத்தரிக்கு வேறு பெயர் உண்டு. பத்து வருஷம் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை பார்த்ததில் அந்தப் பெயர் மறந்து இது நிலைத்துவிட்டது. நிலையம் ஆள் குறைத்தபோது வெளியே வந்தாள். பயிர் நோய்த் தடுப்பு அலுவலகத்தில் ஒலிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போன இடத்துக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்று வாசலில் இருந்த காவலாளி, காய் பெயரில் ஆள் வந்திருக்கிறதே, கூடவே வெண்டையும் வருமா என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போனாள்.

அலுவலகத்தின் தலைவி பூச்சி மேடம். அவருக்குப் பூச்சியும் தெரியும், நோயும் தெரியும். ஒலி சமாச்சாரம் மட்டும் பழைய ஆளோடு போய்விட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். கத்தரி வந்ததும் அவர் கொடுத்த முதல் வேலை போன பருவத்துப் பதிவைச் சுத்தம் செய்வது. மின்விசிறி இரைச்சல், லிஃப்ட் இரைச்சல், இடையிடையே ஏதேதோ கீறல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப ஓட விடுகிற மாதிரி செய்து தரச் சொன்னார். கத்தரிக்கு அது கை வந்த கலை. முடித்துக் கொடுத்தபோது மேடம் கேட்டுவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.

அந்தப் பதிவுதான் இப்போது ஓடியது. சோதனைக்கு வந்திருந்த ஆறு பெண் பூச்சிகளும் கத்தரியின் அக்காவுடைய கண்ணாடி வீட்டிலிருந்து பிடித்தவை.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தத்துப்பூச்சிகள் உண்டு. ஒன்று சாது. இன்னொன்று மஞ்சள் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். ஆணாக இருந்தால் லென்ஸில் வயிற்று நுனியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பெண்ணில் அந்த வித்தியாசமும் கிடையாது. அக்கா வீட்டில் மாட்டியது அத்தனையும் பெண். வெளியூர் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் கன்று நடும் பருவமே போய்விடும். பதிவு சரிதானா என்று ஒத்துப் பார்க்கக் கெட்ட இனத்துப் பெண்களை அலுவலகத்திலேயே வளர்த்து வந்தார்கள். குளிர்சாதனம் பழுதானபோது அவையும் செத்துப்போயின. ஆகவே இருப்பது ஒரே வழி. கெட்ட இனத்து ஆணின் அழைப்புக்கு இந்தப் பெண்கள் பதில் சொன்னால் அக்காவின் கன்றுகள் அத்தனையையும் பிடுங்கி எரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

முன்னதாகச் சாது இனத்து ஆணின் அழைப்பையும் ஓட விட்டார்கள். அது வேறொரு ஊரிலிருந்து வந்த பதிவு, கத்தரி கை வைக்காதது. அதற்கும் பதில் இல்லை. ஒருமுறை கூடிவிட்ட பெண் அப்புறம் யாருக்கும் பதில் சொல்லாது, எல்லாம் அந்த ரகமாக இருக்கலாம் என்றார் மேடம். ஆறாவது பூச்சியும் பேசாமல் இருந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

கத்தரி வராந்தாவுக்கு வந்து உடனே அக்காவுக்குப் போன் செய்தாள். சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. பதில் இல்லை என்று மட்டும்தான் சொன்னாள். அக்கா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் சாப்பிட வா என்றாள்.

அக்காவின் நாற்றுப்பண்ணை பேருந்தில் போனால் கொஞ்ச தூரம்தான். கத்தரி போய் இறங்கியபோது அக்கா கண்ணாடி வீட்டுக்கு வெளியே நின்று, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் அலுவலகத்தின் சிவப்பு நாடா. சீல் வைத்ததிலிருந்து யாரும் உள்ளே போகக்கூடாது. குழாய் வழியாகத் தண்ணீர் மட்டும் தானாகப் பாய்கிறது. உள்ளே வரிசை வரிசையாகத் திராட்சைக் கன்றுகள், குச்சி நட்டு, வேர் விட்டு, கைக்குழந்தை உயரத்துக்கு வந்தவை. அக்காவும் அத்தானும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இறங்கிய தொழில் இது. இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொல்லிக்கொள்ளும்படி வளர்ந்திருந்தது. போனால் அடுத்த பருவம் என்று ஒன்று அவர்களுக்கு இருக்காது. அது கத்தரிக்கும் தெரியும்.

கன்றுகளை ஏற்றிப்போக வண்டிக்காரனுக்குச் சொல்லிவிட்டதாக அக்கா சொன்னாள். கிளம்பிவிட்டானாம், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவானாம். கையெழுத்து இன்னும் ஆகவில்லையே என்று கத்தரி இழுத்தாள்.

"பூச்சியே வாயத் தொறக்கல, அப்புறம் என்ன? உங்க மேடம் பேனாவத் தொறக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

சாப்பாட்டு மேசையில் அத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் பழைய அத்தானாக இருந்தார். சீல் வைத்ததிலிருந்து உம்மென்று இருந்தவர், இன்று கத்தரியைப் பார்த்ததும், உன் பூச்சிகள் கல்யாணப் பேச்சு வார்த்தையில் ரொம்ப கறார் போலிருக்கிறதே, பொண்ணு பிடிச்சிருக்குன்னுகூட சொல்ல மாட்டேங்குதே என்று ஆரம்பித்தார். பிறகு பண்ணைக்கு வந்த ஒரு ஆளின் கதைக்குத் தாவினார். அந்த ஆள் போன வருஷம் திராட்சைக் குச்சி வாங்கிப்போய் நட்டான். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை என்று சண்டைக்கு வந்தான். அத்தான் நேரே போய்ப் பார்த்தால்...

சொல்லிவிட்டு நிறுத்தினார். அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் கையில் கவளத்தோடு காத்திருந்தார்.

"ம் கொட்டு."

"சொல்லுங்களேன், கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

"நீ ம் கொட்டாம நான் எப்படிச் சொல்றது? சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"ம்."

"பாத்தா, அத்தனையும் தலைகீழா நட்டு வெச்சிருக்கான்!"

அக்கா சிரித்தாள். கத்தரி சிரிக்கவில்லை. அவள் கை தட்டின் விளிம்பில் நின்றுவிட்டது.

வானொலியில் அவள் தினமும் செய்த வேலை அதுதான். விருந்தினர் பேசுவார். பேட்டி எடுப்பவர் இடையிடையே ம், ம் என்பார். வந்த உடனே அந்த ம்களை எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் விழும் குழியையும் இழுத்து மூட வேண்டும். ஒலிபரப்பில் வெற்றிடமே வரக்கூடாது. வந்தால் கேட்பவர் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். முதல் வாரத்திலேயே மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். போகப் போகக் கை தானாகச் செய்தது. யாராவது நேரில் பேசும்போதுகூட மூச்சு வாங்கும் இடங்கள் அவள் கண்ணுக்கு வெட்டும் இடங்களாகத் தெரியும்.

பூச்சியின் பதிவிலும் இடைவெளி இருந்தது. ஒவ்வொரு கொத்துத் தட்டலுக்குப் பிறகும் ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் மெல்லிய கீறல். இரைச்சல் என்று நினைத்துக் கீறலை எடுத்தாள். ஓட்டையை மூடினாள்.

என்ன ஆச்சு என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. காரம்."

"காரமே போடலையே." அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "கையெழுத்து ஆயிடும்ல?"

ஆகிவிடும் என்று கத்தரி தலையாட்டினாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. மேடம் தேடுவார் என்று ஏதோ சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாள்.

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஒரு கம்பியைப் பிடித்தாள், விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற பெண்மணி, இறங்கப் போகிறாயா, வழி விடவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? மேடமே கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பதிவு. பூச்சிகள் ஒருவேளை உண்மையிலேயே சாது இனமாக இருக்கலாம். ஏற்கெனவே கூடிய பெண்களாகவும் இருக்கலாம். எதற்கு வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டும்? ஆனால் கெட்ட இனமாக இருந்தால், அந்தக் கன்றுகள் இன்று சாயங்காலம் வண்டி ஏறும். எத்தனையோ தோட்டங்களுக்குப் பிரிந்து போகும். அடுத்த கோடையில் அங்கெல்லாம் இலை மஞ்சளாகிச் சுருளும், பிஞ்சு வாடி உதிரும். அந்தத் தோட்டக்காரர்களை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒரு முகமும் வரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த அக்காவின் நெற்றிதான் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தாள்.

அலுவலகத்தில் கூட்டம் இன்னும் முடியவில்லை. அசல் பதிவை அவள் அழித்திருக்கவில்லை. அசலை அழிப்பது அவள் வழக்கத்தில் கிடையாது. திறந்து ஓட விட்டாள். டுக் டுக் டுக், பிறகு ஓட்டை. ஓட்டைக்குள் அந்தக் கீறல். அடுத்த கொத்து, மறுபடி ஓட்டை, மறுபடி கீறல். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்தது. மின்விசிறிக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது? போன பருவத்தில் அதே செடியில் ஒரு பெண் இருந்திருக்கிறது. ஆண் நிறுத்தும்போதெல்லாம் அது பதில் சொல்லியிருக்கிறது. கத்தரி அந்தப் பெண்ணை வரிக்கு வரி வழித்துத் துடைத்திருந்தாள்.

சாது இனத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டைதான் வேறு. ஒன்றில் குறுகல், இன்னொன்றில் அகலம். பெண் தட்டலைக் கேட்டு மட்டும் ஆளை அடையாளம் கண்டுகொள்வதில்லை. எங்கே நிறுத்துகிறான், எவ்வளவு நேரம் காத்திருக்கிறான் என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போகிறவன் அதற்கு யாரும் இல்லை, செடியை உரசும் காற்று, அவ்வளவுதான். கத்தரி செய்து கொடுத்த ஆண் மூச்சு விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் தெரிந்துகொள்வோம் என்று அவள் தன்னோடு பேரம் பேசினாள். இடைவெளியோடு ஓட விட்டும் ஆறு பூச்சிகளும் பேசாவிட்டால் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அசலை எடுத்து, பழைய பெண்ணின் கீறல்களை மட்டும் நீக்கினாள். நீக்கிய இடத்தை இழுத்து மூடாமல் அப்படியே விட்டாள். வெட்டிய இடத்தை மூடாமல் விடுவது விரலுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் மூடப் போய், போய்த் திரும்பி வந்தது.

முதல் பெண்ணைப் புதுத் தண்டில் விட்டாள். கால்களைப் பூட்டிக்கொண்டாள். அழைப்பு போனது. பதில் இல்லை. கத்தரிக்கு மூச்சு வந்தது. இரண்டாவது பெண்ணும் பேசவில்லை. போதும், இதோடு எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. மூன்றாவதை எடுக்கும்போது பூச்சி குழாயிலிருந்து தத்தி மேசை மேல் விழுந்தது. அது அப்படியே தத்தி ஜன்னல் வழியாகப் போய்விட்டால் தேவலை என்று ஒரு நொடி காத்திருந்தாள். அது போகாமல் அவளுடைய கட்டைவிரல் பக்கத்திலேயே உட்கார்ந்தது. பிடித்துத் தண்டில் விட்டாள்.

டுக் டுக் டுக் டுக்.

கிர்ர்.

அடுத்த கொத்து. கிர்ர். பூச்சி அசைந்ததாகவே தெரியவில்லை. வயிறு மட்டும் மயிரிழை நடுங்கியது. ஆணின் ஒவ்வொரு நிறுத்தத்திலும், கொஞ்சமும் பிந்தாமல், முந்தாமல், கிர்ர். உறுதி செய்துகொள்ளச் சாது இனத்தின் அழைப்பைப் போட்டாள். வாயே திறக்கவில்லை. மறுபடி கெட்டதைப் போட்டாள். கிர்ர்.

கதவு திறந்தது. கூட்டம் முடிந்து மேடம் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றார். இன்னுமா ஓட விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"ஏதாவது சொல்லுச்சா?"

ஹெட்போன் கத்தரியின் காதில்தான் இருந்தது. அறையில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை மேடம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். சொல்லியும் இருப்பாள். அதற்குள் பூச்சி மறுபடி பதில் சொன்னது. கத்தரி ஹெட்போன் கம்பியைப் பிடித்து ஒலிப்பெட்டியிலிருந்து உருவினாள்.

ஒலிபெருக்கி வழியாக அறை முழுக்க வந்தது. தட்டல், நிறுத்தம், பதில். மேடம் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நெருங்கி வந்தார். ரொம்ப நேரம் கேட்டார். கத்தரி குனிந்தபடி, தான் எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள் என்று சொன்னாள். முன்னும் பின்னுமாகத்தான் சொல்ல வந்தது. மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

"நானும்தான கேட்டேன். கண்ணாடி மாதிரி இருக்குன்னு நான்தான சொன்னேன்." கோப்பையை ஒருவழியாக ஜன்னல் திட்டில் வைத்தார். மீதி மூன்றையும் இப்போதே பார்த்துவிடலாம் என்றார். பார்த்தார்கள். அதில் இரண்டு பேசின.

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க அக்காவுக்கு நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன், மேடம்."

வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே போன் செய்தாள். அக்கா எடுத்த எடுப்பில், ஆயிடுச்சா என்றாள். கத்தரி ஆகவில்லை என்றாள். பிறகு மற்றதையும் சொன்னாள். தன் தப்பையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிடும்போதே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் வந்துச்சு."

"அப்ப, காரம்னு சொன்னது?"

அந்தப் பக்கம் அத்தான் என்ன என்ன என்று கேட்பதும், நாற்காலி இழுபடுவதும் கேட்டது. அக்கா அவரிடம் ஏதோ சொன்னாள்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள்.

"இருந்திருக்கலாம்க்கா."

"எப்ப வருவாங்க பிடுங்க?"

"நாளைக்கு."

"அவங்க ஆளுங்க யாரும் பிடுங்க வேண்டாம்னு சொல்லு. நாங்களே பிடுங்கிக்கிறோம். அவங்க நின்னு பாத்துக்கட்டும். நீயும் நாளைக்கு வராத. அப்புறமா வா. வண்டிக்காரனுக்கு நீயே சொல்லிடு, என்னால முடியாது."

அக்கா வண்டிக்காரனுடைய எண்ணை அனுப்பினாள். கத்தரி அழைத்தாள். மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தவர் சத்தம் போட்டுப் பேசினார். பின்னால் லாரியின் இரைச்சல். பண்ணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன், கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்றார். இன்று கன்று ஏற்ற முடியாது, சுமை இல்லை என்று கத்தரி சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். நாளைக்கா என்றார். நாளைக்கும் இல்லை என்றாள்.

"இந்தப் பருவத்துக்கே இல்லைங்க."

லாரி இரைச்சல் மெல்ல இறங்கியது. ஓரம் கட்டுகிறார் போலிருந்தது. பின்னால் வந்த ஏதோ வண்டி விடாமல் ஒலி எழுப்பியது.

"ஏம்மா, காலி வண்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பக்கத்துல வேற யாருகிட்டயாவது சரக்கு இருக்கா, கேட்டுச் சொல்லேன்."

கத்தரிக்கு அந்தப் பக்கம் யாரையும் தெரியாது. ஆனாலும், ஒரு நிமிஷம் இருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல், வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.